சப்நாட்டிகாவில் மூச்சு முட்டினால், தளம் ஒழுகினால், ஊர்தி நின்றால்

வேற்றுக் கோளின் கடலில் தப்பிப் பிழைக்க வேண்டிய சப்நாட்டிகா என்னும் விளையாட்டை எங்கள் வீட்டுக் கணினியில் முதலில் ஆடியவன் நான். பிறகு அக்கா மகன் ஆடத் தொடங்கினான்; அவனைத் தொடர்ந்து அவனுடைய நண்பர்கள் இருவர் வந்து சேர்ந்தார்கள். மூவரும் தனித்தனி உலகங்களில் ஆடினாலும், என்னிடம் வரும் புகார்கள் மட்டும் மாறவே இல்லை. "மாமா, வீட்டுக்குள்ளே தண்ணி வருது" என்ற ஒன்றை மட்டுமே பத்து முறைக்கு மேல் சரிசெய்திருப்பேன். அப்படிச் சரிசெய்த வரிசையை அறிகுறிவாரியாக இங்கே எழுதியிருக்கிறேன்.

இவை 2018 ஜனவரியில் முழு வடிவில் வெளிவந்த முதல் சப்நாட்டிகாவுக்கான குறிப்புகள். பசி, தாகம், மூச்சு எல்லாம் கணக்கில் வரும் சர்வைவல் முறையில் ஆடுபவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஒவ்வொரு தலைப்பின் கீழும் செலவில்லாத காரணம் முதலிலும், அரிய பொருள்களையோ கைக்காசையோ கேட்கும் காரணம் கடைசியிலும் வருகிறது. கதை நடக்கும் 4546பி கோளில் மெக்கானிக் கிடையாது என்பதால், எல்லா வழியும் அடைபடும்போது மிஞ்சுவது சேமித்த பழைய ஆட்டம்தான். கோளாறு கணினியில் இருந்தால் மட்டுமே பழுதுபார்ப்பவரைத் தேடிப் போக வேண்டும்.

## ஆக்சிஜன் நினைத்ததைவிடச் சீக்கிரம் தீர்கிறது

திரையின் கீழ் இடது மூலையில் இருக்கும் எண்ணை, நீரின் மேற்பரப்பில் மூச்சு நிறைந்த நிலையில் முதலில் பாருங்கள். தொட்டி எதுவும் இல்லாதவருக்கு 45 வினாடி உண்டு. சாதாரணத் தொட்டி அதை 75 ஆக்கும். அதிகக் கொள்ளளவுத் தொட்டி 135 ஆக்கும். அல்ட்ரா தொட்டி 225 வரை கொண்டுபோகும்.

எண் 45 என்றே நிற்கிறது. தொட்டி பையில் கிடக்கிறது, முதுகில் ஏறவில்லை என்று பொருள். பையில் எத்தனை தொட்டிகள் இருந்தாலும் அவை கணக்கில் சேரா; அணிந்திருக்கும் ஒன்று மட்டுமே சேரும். என்னிடம் வந்த ஆக்சிஜன் புகார்களில் பாதி இதோடு முடிந்துவிட்டது.

எண் சரியாக இருக்கிறது, ஆனால் 100 மீட்டருக்குக் கீழே வேகமாகக் குறைகிறது. இது கோளாறு அன்று. 100 மீட்டரைத் தாண்டியதும் மூச்சு கூடுதலாகச் செலவாகும், 200 மீட்டரைத் தாண்டினால் இன்னும் கூடும். இதற்கு மருந்து ரீபிரீதர் என்னும் முகக்கவசம். அதை அணிந்தால் எந்த ஆழத்திலும் ஒரு வினாடிக்கு ஒரு வினாடி மூச்சுதான் செலவாகும். அதைச் செய்து வைத்திருந்தும் பலன் இல்லையென்றால் தலையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கதிர்வீச்சுத் தலைக்கவசமும் ரீபிரீதரும் ஒரே இடத்தைப் பிடிப்பவை என்பதால் ஒன்றை அணிந்தால் மற்றது கழன்றுவிடும். விழுந்து நொறுங்கிய அரோரா விண்கப்பலின் கசிவுகளை அடைத்து, கதிர்வீச்சு முழுதும் அடங்கிப் பல நாள் ஆன பின்னும் அந்தத் தலைக்கவசத்தோடே சுற்றிக்கொண்டிருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் நானும் ஒருவன்.

குகைக்குள் மட்டும் இறந்துபோகிறேன். இங்கே பழுது கருவியில் இல்லை, திரும்பும் நேரத்தில் இருக்கிறது. 30 வினாடி எச்சரிக்கை கேட்டதும் திரும்பினால் போதும் என்பது, தலைக்கு மேலே திறந்த நீர் இருக்கும் ஆழமற்ற இடத்துக்கு மட்டுமே பொருந்தும். குகையில் பாதி மூச்சு தீர்ந்ததும் திரும்பிவிட வேண்டும். போன வழியையே திரும்பக் கண்டுபிடிக்க வேண்டியிருப்பதால் உண்மையில் பாதிக்கும் சற்று முன்பே திரும்புவது நல்லது. கையில் கருவி எதுவும் இல்லாமல் நீந்தினால் வேகம் சற்றுக் கூடும்; கையில் பிடித்தால் இழுத்துச் செல்லும் சீகிளைடு கருவி இருந்தால் நன்றாகவே கூடும். மூளைப்பவளம் தென்பட்டால் அதன் மேல் நின்று, அது விடும் குமிழிகளைப் பிடித்து மூச்சை நிரப்பிக்கொள்ளலாம். பாத்ஃபைண்டர் கருவி வழியைக் குறித்துக்கொண்டே வரும். ஆனால் அதைக் கையில் பிடித்து நீந்துவதன் வேகக்குறைவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடலடியில் கட்டிய தளத்துக்குள்ளோ, சிறிய நீர்மூழ்கி ஊர்தியான சீமோத்துக்குள்ளோ இருக்கும்போதே குறைகிறது. தொட்டியைக் குறை சொல்ல வேண்டாம். மின்சாரம் போய்விட்டது, கீழே மின்சாரத் தலைப்புக்குச் செல்லுங்கள். சீமோத்தாக இருந்தால் அதை ஓட்டும் பெரிய பேட்டரியான பவர் செல் தீர்ந்திருக்கும்.

பத்து வினாடிதான் மிச்சம், மேலே வர வழியில்லை என்ற நிலையில் பதற்றப்படத் தேவையில்லை. ஒரே உயிர் மட்டும் உள்ள ஹார்ட்கோர் முறையில் ஆடாதவரை, இறந்தால் கடைசியாகத் தங்கிய தளத்திலோ, பெரிய நீர்மூழ்கியான சைக்ளோப்ஸிலோ, தொடக்கத்தில் இருந்த லைஃப்பாடு என்னும் உயிர்காப்புக் கலத்திலோ விழிப்பீர்கள். போவது பெரும்பாலும் அங்கிருந்து கிளம்பிய பின் சேர்த்த பொருள்கள்தான். ஆகவே ஆழத்துக்கு இறங்கும் முன் ஒருமுறை தளத்துக்குள் போய் வருவது, எதையும் செலவழிக்காத காப்பீடு.

## தளத்துக்குள் நீர் புகுகிறது

எனக்கு மிக அதிகமாக வேலை வைத்தது இதுதான். இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

எந்தத் தளமும் 10 என்ற சுவர் வலிமையோடு தொடங்குகிறது. நீங்கள் சேர்க்கும் ஒவ்வொரு பகுதியும் அதிலிருந்து கழிக்கும் அல்லது அதில் கூட்டும். நேர்க்குழாய் ஒன்று 1 புள்ளியைக் கழிக்கிறது. பல்நோக்கு அறை 1.25, நுழைவாயில் 1, சன்னல் 1, ஊர்தி நிறுத்தும் அறையான மூன்பூல் 5. அடித்தளம் 2 புள்ளியைக் கூட்டுகிறது. பல்க்ஹெட் கதவு 3. வலுவூட்டும் தகடு 7. மொத்தம் சுழிக்குக் கீழே போனதும் சுவரில் கீறல் விழுந்து நீர் பீச்சியடிக்கும். 100 மீட்டருக்குக் கீழே கட்டினால் கழிக்கும் எண்கள் ஆழத்துக்கு ஏற்பப் பெருகிக்கொண்டே போகும் என்பதால், மேலே நன்றாக நின்ற அதே வரைபடம் கீழே நிற்காது.

அக்கா மகன் கட்டிய முதல் வீட்டையே எடுத்துக்கொள்வோம். ஒரு பல்நோக்கு அறை, அதற்கு நான்கு சன்னல்கள், ஒரு நுழைவாயில், பக்கத்தில் ஒட்டிய மூன்பூல். ஆழம் 40 மீட்டருக்கும் குறைவு. கழிவு 1.25, 4, 1, 5 என்று சேர்ந்து 11.25 ஆகிறது, கையிருப்போ 10. எஞ்சுவது கழித்தல் 1.25. கடல் ஒன்றும் செய்யவில்லை. சன்னல்கள்தான் வீட்டை மூழ்கடித்தன. இரண்டு சன்னல்களை எடுத்ததும் எண் சுழிக்கு மேலே வந்துவிட்டது.

சோதிக்கும் வரிசை இப்படி இருக்கட்டும்.

நீர் வருவதற்குச் சற்று முன்பு எதையாவது சேர்த்தீர்களா? சேர்த்திருந்தால் தளம் கட்டும் கருவியான ஹாபிடாட் பில்டரால் அதையே கழற்றுங்கள். கழற்றும்போது பொருள்கள் முழுவதும் திரும்பக் கைக்கு வந்துவிடும். இழப்பு எதுவும் இல்லை. சன்னலை முதலில் எடுங்கள், கண்ணாடிக் குழாயை அடுத்து எடுங்கள். அழகுக்காக வைத்தவைதான் பெரும்பாலும் குற்றவாளிகள்.

கழற்ற மனமில்லையா? அடித்தளம் போடுங்கள். ஒன்றுக்கு 2 டைட்டானியமும் 2 ஈயமும் போதும். தளத்தோடு ஒட்டியிருந்தால் மட்டுமே அது கணக்கில் சேரும். பக்கத்தில் தனியாகக் கிடக்கும் அடித்தளம் வெறும் மேடை. மேலே சொன்ன வீட்டுக்கு இரண்டு அடித்தளங்கள் சேர்த்தால், ஒரு சன்னலைக்கூட எடுக்காமல் 2.75 மிஞ்சும்.

அதுவும் போதவில்லையா? வலுவூட்டும் தகடு. 3 டைட்டானியத்தோடு 1 லித்தியம் கேட்கும். தொடக்க நாள்களில் லித்தியம் அரிது என்பதால்தான் இதைக் கடைசியில் வைத்தேன். சன்னலோ வாயிலோ இருக்கும் பக்கத்தில் இதை வைக்க முடியாது. ஆகவே வீடு கட்டும்போதே இரண்டு மூன்று பக்கங்களை வெற்றுச் சுவராக விட்டுவைப்பது பின்னர் கைகொடுக்கும். ஆழத்தில் கட்டும் தளத்துக்கு இது தவிர்க்க முடியாதது. 300 மீட்டருக்குக் கீழே இறங்குகிறவர்கள் லித்தியத்தை முதலில் சேர்த்துக்கொண்டு, பிறகு கட்டத் தொடங்குவது நல்லது.

எண் சுழிக்கு மேலே வந்துவிட்டது, ஆனாலும் நீர் வடியவில்லை. கீறல்கள் இன்னும் திறந்திருக்கின்றன. பழுதுநீக்கும் கருவியை எடுத்து, நீர் பீச்சும் ஒவ்வோர் இடத்தையும் அடைக்க வேண்டும். எல்லாம் அடைபட்ட பின் நீர் தானே வடியும். ஒன்றை விட்டுவிட்டால்கூட அறை நனைந்தே இருக்கும், ஆகையால் கூரையையும் தரையையும் பார்க்கத் தவறாதீர்கள். அந்தக் கருவி கையில் இல்லாதவர்களுக்கு ஒரு டைட்டானியம், ஒரு சிலிக்கான் ரப்பர், ஒரு குகைக் கந்தகம் வேண்டும். கந்தகம், வெடித்துப் பாயும் கிராஷ்ஃபிஷ் மீன்களின் கூட்டுக்குள் இருக்கிறது. மீன் வெளியே பாய்ந்து வெடிக்கும் வரை தள்ளி நின்றுவிட்டுப் பிறகு எடுங்கள்.

எப்போது விட்டுவிடுவது? பல அறைகள் மூழ்கி, கருவியும் இல்லாமல், உள்ளே மூச்சு விடவும் இடமில்லாத நிலை வந்தால், பெட்டிகளில் இருக்கும் பொருள்களை மட்டும் நீந்திப் போய் மீட்டுக்கொண்டு, தளத்தை வெளியிலிருந்து பகுதி பகுதியாகக் கழற்றி வேறிடத்தில் கட்டுவதே விரைவான வழி. பொருள் முழுவதும் திரும்பக் கிடைப்பதால் இதில் நட்டம் நேரம் மட்டுமே.

## தளத்தில் விளக்கு அணைந்துவிட்டது, மூச்சும் நிரம்பவில்லை

இரவில் மட்டும் நேர்கிறது. சூரியத் தகடுகளை மட்டும் நம்பியிருக்கிறீர்கள். இந்த விளையாட்டின் ஒரு பகலிரவு நம் கடிகாரத்தில் 20 நிமிடம். ஒரு தகடு 75 அலகு சேமிக்கும். தகட்டை உற்றுப் பார்த்தால் அது பெறும் வெயிலின் விழுக்காடு தெரியும். அந்த எண் குறைவாக இருந்தால் தகடு ஆழத்தில் இருக்கிறது. அதைக் கழற்றித் தளத்தின் கூரை மேல் வையுங்கள். இதற்கும் செலவில்லை.

பகலிலும் நேர்கிறது. எதையாவது இடைவிடாமல் ஓட்டுகிறீர்கள். முதல் சந்தேகம் நீர் வடிகட்டும் இயந்திரத்தின் மேல் விழ வேண்டும். இரண்டு தகடுகளை நம்பி அதை வைத்துவிட்டு, வீடு இருண்டுபோனதாக என்னிடம் சொன்னவர்கள் உண்டு. அடுத்தது, சுற்றியுள்ள பொருள்களைத் தேடிக் காட்டும் ஸ்கேனர் அறை, தேடலை நிறுத்தாமல் விட்டுவந்திருந்தால். அதற்கு அடுத்தது பேட்டரியும் பவர் செல்லும் ஏற்றும் கருவிகள். ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும்.

தகடுகள் நிறைந்திருக்கின்றன, தளம் மட்டும் இருண்டிருக்கிறது. இணைப்பு இல்லை. தளத்திலிருந்து தள்ளி வைத்த தகட்டுக்கும் தளத்துக்கும் நடுவே பவர் டிரான்ஸ்மிட்டர் வேண்டும். ஒன்றிலிருந்து அடுத்தது ஏறக்குறைய 100 மீட்டருக்குள் இருக்கட்டும். வரிசையில் ஒன்று விட்டுப்போனாலும் மின்சாரம் வராது.

உயிர்ப்பொருளிலிருந்து மின்சாரம் எடுக்கும் பயோரியாக்டர் இருந்தும் மின்சாரம் இல்லை. திறந்து பாருங்கள், காலியாக இருக்கும். அது சத்தமில்லாமல் தின்றுகொண்டே இருப்பது. மீனோ செடியோ போட்டு நிரப்புங்கள். அதே அறையில் செடித்தொட்டி வைத்து வளர்த்தால் தீவனத்துக்கு வெளியே அலைய வேண்டியதில்லை.

ஆழத்தில் தளம் அமைப்பவருக்கு நிலையான தீர்வு, வெந்நீர் ஊற்றின் பக்கத்தில் வைக்கும் அனல்மின் கருவி. அதற்கு மேக்னடைட்டும் ஏரோஜெல்லும் தேடி அலைய வேண்டியிருந்தாலும், வைத்த பின் அதற்குத் தீனி தேவையில்லை. அணுவுலை எல்லாவற்றிலும் விலை கூடியது. யுரேனினைட் தேட வேண்டும், தீர்ந்த தண்டுகளை மாற்ற வேண்டும். பெரும்பாலான ஆட்டங்களுக்கு அது வேண்டியதே இல்லை என்பது என் கருத்து.

## காயம் இல்லை, ஆனால் உடல்நிலை குறைந்துகொண்டே போகிறது

உணவு, நீர் ஆகிய இரண்டு வட்டங்களையும் பாருங்கள். அவற்றில் ஒன்று சுழியாகியிருந்தால் காரணம் அதுதான். ஒரு பிளாடர்ஃபிஷ் மீனைப் பிடித்து, பொருள்கள் செய்யும் ஃபேப்ரிகேட்டர் இயந்திரத்தில் குடிநீராக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டும் நிறைந்திருந்து, கதிர்வீச்சுக் குறியும் எரிகிறது என்றால், அரோரா கப்பலின் உலை வெடித்துவிட்டது. நீங்கள் அதன் பக்கம் போயிருக்கிறீர்கள். திரும்பி விலகி வருவதே செலவில்லாத வழி. போயே ஆக வேண்டும் என்றால் 2 நார்வலையும் 2 ஈயமும் கொண்டு கதிர்வீச்சு உடையைச் செய்ய வேண்டும். உடை, தலைக்கவசம், கையுறை மூன்றும் அணிந்தால்தான் முழுப் பாதுகாப்பு. கையுறையை மறப்பவர்கள் பலர்; உடல்நிலை மெல்ல மெல்லக் குறைவதாகச் சொன்னால் நான் முதலில் கேட்பது அதைத்தான்.

நிலையான தீர்வு, கப்பலின் உலையறைக்குள் போய் 11 கசிவுகளையும் பழுதுநீக்கும் கருவியால் அடைப்பது. அடைத்த பின்னும் கதிர்வீச்சு உடனே மறையாது, மெல்லத்தான் அடங்கும். "எல்லாவற்றையும் அடைத்துவிட்டேன், இன்னும் குறி எரிகிறது" என்று வந்தால் முதலில் எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள், அப்புறம் காத்திருக்கச் சொல்லுங்கள். போகும்போது தீயணைப்பானையும் எடுத்துச் செல்லுங்கள். கப்பலைச் சுற்றி ரீப்பர் என்னும் கொடிய பெருவிலங்குகள் திரிவதையும் மறந்துவிடாதீர்கள்.

## சீமோத் நொறுங்குகிறது அல்லது நகர மறுக்கிறது

நகரவில்லை. பவர் செல்லைப் பாருங்கள். தீர்ந்திருந்தால் மாற்றுங்கள், மூன்பூலில் நிறுத்தினால் தானே ஏறிக்கொள்ளும், தளத்தில் மின்சாரம் இருந்தால்.

ஆழத்தில் முறுக்கும் சத்தம் கேட்கிறது, உடல் சிதைகிறது. முகப்பில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று இருக்கும் ஆழம், மற்றது தாங்கும் ஆழம். மேம்பாடு எதுவும் இல்லாத சீமோத் 200 மீட்டர் தாங்கும். முதல் ஆழத்தொகுதி அதை 300 ஆக்கும், இரண்டாவது 500, மூன்றாவது 900. தொகுதியைச் செய்திருந்தும் எண் 200 என்றே காட்டினால், அது இன்னும் உங்கள் பையிலோ பெட்டியிலோ இருக்கிறது. ஊர்தியின் வெளிப்பக்கத்தில் உள்ள மேம்பாட்டுப் பலகையில் பொருத்த வேண்டும். இரண்டு முதல் நிலைத் தொகுதிகளைப் பொருத்தினால் 400 ஆகும் என்று நினைத்து இறங்கியவன் எங்கள் வீட்டிலேயே இருக்கிறான். அவை கூட்டிக்கொள்வதில்லை, உயர்ந்த ஒன்று மட்டுமே கணக்கு.

ஆழம் சரிதான், திடீரென்று சிதைகிறது. எதுவோ கடித்திருக்கிறது. ரீப்பராக இருந்தால் ஊர்தியையே கவ்விப் பிடித்து முகத்துக்கு நேரே வரும். மின்னதிர்ச்சி கொடுக்கும் பாதுகாப்புத் தொகுதி பொருத்தியிருந்தால் அதை இயக்கி விடுவித்துக்கொள்ளலாம். இல்லையென்றால் விட்டதும் எதிர்த்திசையில் ஓடுவது ஒன்றே வழி. தப்பிய பின் இறங்கி, பழுதுநீக்கும் கருவியால் ஒட்டிக்கொள்ளுங்கள். ஊர்தி முற்றிலும் உடைந்துவிட்டால் அதில் வைத்திருந்தவையும் சேர்ந்தே போய்விடும்.

900 மீட்டருக்குக் கீழே வேலை இருந்தால் சீமோத்தைத் தேற்றிப் பார்ப்பதில் பொருளில்லை. உள்ளே ஏறி ஓட்டும் இயந்திர உடையான பிரான் உடை தொடக்கத்திலேயே 900 தாங்கும். தொகுதிகளோடு 1300, பிறகு 1700.

## சைக்ளோப்ஸ் தீப்பிடிக்கிறது, ஆற்றல் வடிகிறது

தீப்பிடித்தால் முதலில் எந்த வேகத்தில் ஓட்டினீர்கள் என்பதைப் பாருங்கள். மூன்று வேகங்களில் உச்ச வேகத்தை நெடுநேரம் வைத்திருந்தால் எந்திரம் சூடேறி, எந்திர அறையில் தீ எழும். வேகத்தைக் குறைத்து, தீயணைப்பானோடு ஓடுங்கள். தீயணைப்பானை எந்திர அறைக்குள் வைக்காமல் அதன் கதவுக்கு வெளியே வைப்பது நல்லது. காரணத்தை ஒருமுறை தீயைக் கடந்து எடுக்கப் போனவர்கள் அறிவார்கள். உச்ச வேகம் இல்லாமலே தீ என்றால் பெருவிலங்கு தாக்கியிருக்கிறது. தீயை அணைத்த பின் வெளியே போய்ச் சுவரில் விழுந்த சேதங்களை ஒட்ட வேண்டும். அடிக்கடி நேர்ந்தால் தீயடக்கும் தொகுதியைப் பொருத்துங்கள்.

ஆற்றல் வடிந்தால், தேவையில்லாமல் எரியும் விளக்குகளையும், ஓட விட்ட சோனாரையும், விரித்து வைத்த கவசத்தையும் நிறுத்துங்கள். எல்லாம் நின்ற பிறகும் எரிமலைப் பகுதியில் மட்டும் வடிகிறது என்றால் வெளியே இறங்கிச் சுற்றி வாருங்கள். லாவா லார்வாக்கள் அட்டைபோல் ஒட்டி உறிஞ்சிக்கொண்டிருக்கும். கத்தியால் அடித்தால் விட்டுவிடும். ஆறு பவர் செல்களுக்கும் சேர்த்து 1200 அலகுதான் இருப்பு என்பதையும், இந்த ஊர்தியை எங்கும் நிறுத்தி ஏற்ற முடியாது என்பதையும் நினைவில் வைத்து, ஏற்றிய செல்களை மாற்றுக்கு எடுத்துச் செல்லுங்கள். பின்னர் செய்யக்கூடிய உயர்வகையான அயான் பவர் செல் ஒன்று 1000 அலகு தாங்கும். அது கிடைத்த பின் இந்தத் தலைப்பே பெரும்பாலும் தேவைப்படாது.

சைக்ளோப்ஸ் தாங்கும் ஆழம் தொடக்கத்தில் 500 மீட்டர். தொகுதிகளோடு 900, 1300, 1700 என ஏறும்.

## தேடும் பொருள் கிடைக்கவே இல்லை

பெரும்பாலும் தவறான பாறையை உடைத்துக்கொண்டிருப்பீர்கள். சுண்ணாம்புப் பாறையில் டைட்டானியமும் செம்பும் மட்டுமே வரும். நாள் முழுதும் உடைத்தாலும் ஈயம் வராது. வெள்ளி, தங்கம், ஈயம் மூன்றும் மணற்பாறையில். லித்தியமும் வைரமும் ஷேல் பாறையில். இதற்கும் பிறகு கிடைக்காவிட்டால் ஸ்கேனர் அறை கட்டுங்கள். தன்னைச் சுற்றி 300 மீட்டர் தொலைவு வரை தேடும், மேம்பாடுகளோடு 500 வரை போகும். இந்த விளையாட்டில் வரைபடம் கிடையாது என்பதால், கண்ட இடத்தில் இடத்தைக் காட்டும் அடையாளக் கருவியான பீக்கன் ஒன்றை நட்டுப் பெயர் வைத்துவிட்டு நகருங்கள்.

## தரை மறைகிறது, ஊர்தி மண்ணுக்குள் புதைந்துவிட்டது

இது ஆட்டக்காரரின் பிழை அன்று. உலகம் துண்டு துண்டாக வட்டிலிருந்து ஏறுவதால், நீங்கள் வேகமாகப் போனால் தரை பின்தங்கி வந்து சேரும்.

நின்று அரை நிமிடம் காத்திருங்கள். வரவில்லையென்றால் சேமித்துவிட்டு வெளியேறி மீண்டும் நுழையுங்கள். ஊர்தியோடு பாறைக்குள் மாட்டிக்கொண்டவர்கள், கணினியில் ஆடுவதாக இருந்தால், கட்டளைப் பலகையில் 'வார்ப்', 'மீ' என்னும் இரு ஆங்கிலச் சொற்களை இடைவெளியின்றிச் சேர்த்து எழுதலாம். அது உங்களைக் கடைசியாக இருந்த தளத்துக்கோ ஊர்திக்கோ கொண்டுபோகும். இதை ஏமாற்று என்று சிலர் தயங்குகிறார்கள். நிரலின் பழுதுக்குப் பிராயச்சித்தம் செய்ய வேண்டியது ஆட்டக்காரர் அல்லர்.

ஒரே இடத்தில் ஓட்டை நிலையாக இருந்தால், விளையாட்டை வாங்கிய ஸ்டீம் என்னும் இணையக் கடையின் நிரலில் விளையாட்டின் கோப்புகளைச் சரிபார்க்கும் வசதியை ஓட்டுங்கள். அதற்கும் பிறகு, சேமிப்புக் கோப்புறையை வேறிடத்தில் நகலெடுத்து வைத்துக்கொண்டு, அதனுள் செல்ஸ் கேஷ், கம்பைல்டு ஆக்ட்ரீஸ் கேஷ் என்ற பெயர்களில் உள்ள இரண்டு கோப்புறைகளை மட்டும் நீக்கிப் பார்க்கலாம். தளங்களும் ஊர்திகளும் நிற்கும். வெளியே கீழே போட்டுவைத்த பொருள்கள் மறைந்துபோகக்கூடும். நகல் எடுக்காமல் இதைச் செய்யவே கூடாது. விளையாட்டைச் சுழலும் வன்வட்டிலிருந்து எஸ்எஸ்டி என்னும் வேகமான சேமிப்பகத்துக்கு மாற்றினால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். கைக்காசு செலவாகும் தீர்வுகளில் நான் தயங்காமல் சொல்வது இது ஒன்றுதான்.

## நேற்று ஆடியதைக் காணோம்

இந்த விளையாட்டு தானாகச் சேமிப்பதில்லை. இடைநிறுத்தப் பட்டியலைத் திறந்து நீங்கள் சேமித்தால்தான் உண்டு. மின்தடை வந்து கணினி அணைந்திருந்தால், கடைசியாகச் சேமித்த பின் ஆடியது போய்விட்டது. அதை மீட்க வழியில்லை. யுபிஎஸ் இல்லாத மேசைக்கணினியில் ஆடுகிறவர்கள் கால் மணிக்கு ஒருமுறை சேமியுங்கள்.

இன்னொரு வகை இழப்பும் உண்டு. ஒரு உலகத்துக்கு ஒரே சேமிப்புதான். புதியது பழையதன் மேல் எழுதப்படும். சைக்ளோப்ஸ் மூழ்கிய பின் கைத்தவறுதலாகச் சேமித்துவிட்டால் முந்தைய நிலை இல்லாமல் போகும். ஆகவே பெரிய பயணத்துக்கு முன் விளையாட்டிலிருந்து வெளியேறி, கோப்புறையை நகலெடுங்கள். ஸ்டீம் பதிப்பில் விளையாட்டு நிறுவப்பட்ட இடத்துக்குள் எஸ்என் ஆப்டேட்டா, அதற்குள் சேவ்டு கேம்ஸ், அதற்குள் ஸ்லாட் என்று தொடங்கும் எண்ணிட்ட கோப்புறைகள் இருக்கும். மோடுகள் (ரசிகர்கள் எழுதிய கூடுதல் நிரல்கள்) போட்டு ஆடுகிறவர்கள் 2022 டிசம்பரில் வந்த லிவிங் லார்ஜ் புதுப்பிப்புக்குப் பின் பழைய மோடுகள் பல இயங்காமல் போனதை நினைவில் வைத்து, மோடுகளை எல்லாம் எடுத்துவிட்டு உலகம் திறக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

## திக்கித் திக்கி ஓடுகிறது அல்லது கணினியே அணைகிறது

நெடுநேரம் ஆடிய பின் மட்டும் திக்குகிறது. சேமித்து, விளையாட்டை மூடித் திறங்கள். பின்னால் திறந்திருக்கும் உலாவியை மூடுங்கள்.

தொடக்கத்திலிருந்தே திக்குகிறது. மடிக்கணினியாக இருந்தால் மின்னேற்றி செருகியிருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரியில் ஓடும்போது வேகம் குறைக்கப்படும். தனி கிராபிக்ஸ் அட்டை இருந்தும் விளையாட்டு உள்ளமைந்த கிராபிக்ஸில் ஓடுகிறதா என்பதை அமைப்பில் சோதியுங்கள். பிறகு காட்சித்தரத்தை ஒரு படி இறக்குங்கள். இதற்கெல்லாம் பிறகுதான் நினைவகம் கூட்டுவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

விசிறி இரைகிறது, பத்து இருபது நிமிடத்தில் கணினி தானே அணைகிறது. சூடு. மடிக்கணினியை மெத்தையிலிருந்து எடுத்து மேசையில் வையுங்கள். காற்றுத் துளைகளில் அடைந்த தூசியைப் பாருங்கள். வெளியிலிருந்து தூசி தட்டுவதோடு உங்கள் வேலை முடிந்தது. அதன் பின்னும் அணைந்தால், உள்ளே வெப்பக்களிம்பு காய்ந்திருக்கலாம், விசிறி பழுதாகியிருக்கலாம், மேசைக்கணினியானால் மின்வழங்கி தளர்ந்திருக்கலாம். இவை பழக்கமில்லாத கை திறக்க வேண்டிய இடங்கள் அல்ல. கருகல் வாடை வந்தாலோ, வட்டிலிருந்து டிக் டிக் என்ற சத்தம் கேட்டாலோ, வேறு விளையாட்டுகளிலும் திரையில் வண்ணக் கட்டங்கள் சிதறித் தெரிந்தாலோ ஒரு சோதனையும் செய்யாமல் உடனே அணைத்துவிட்டுப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.

அங்கே போய் "கேம் ஆடினால் அணைகிறது" என்று மட்டும் சொன்னால், விண்டோஸை மாற்றிப் போட்டுக் கையில் கொடுத்துவிடுவார்கள்; சேமிப்புக் கோப்புறையும் அதோடு போய்விடும். எத்தனை நிமிடத்தில் அணைகிறது, விசிறி சுழல்கிறதா, வேறு கனமான நிரல்களிலும் நேர்கிறதா என்ற மூன்றையும் தாளில் எழுதிக் கொடுங்கள். கணினி இன்னும் பத்து நிமிடம் தாக்குப்பிடிக்கும் நிலையில் இருந்தால், ஸ்லாட் கோப்புறையை ஒரு பென்டிரைவில் எடுத்துக்கொண்ட பிறகே கடைக்குக் கிளம்புங்கள்.